கையெழுத்து விழாத நான்காவது வரி

அந்த உறை வந்த நாளிலிருந்து எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கயிறு அளந்தால் பாதியில் எண்ணிக்கை மறந்துபோகும். ஈயக் குண்டு கேட்டவருக்கு மிதவையை எடுத்துப் போட்டேன். "யக்கா, நான் வலையை முக்கணும்னு கேட்டா நீங்க மிதக்க வைக்கியளே" என்று அவர் சிரித்தார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு மனசு கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருக்கிறது எங்கள் கடை. அப்பா வைத்தது. வலை, நூல், கயிறு, மிதவை, ஈயம். நாங்கள் பனங்காட்டு ஊரிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். கடலுக்குப் போகிறவர்களுக்கு எல்லாம் விற்போம், நாங்கள் கடலுக்குப் போனதில்லை. எனக்குப் படகில் ஏறினாலே குமட்டும். அப்படிப்பட்டவளுக்கு டெல்லியிலிருந்து கடிதம். அகிம்சை வழியில் சமூகத்தை மாற்றியவர்களுக்கும் சமாதானத்துக்காக உழைத்தவர்களுக்கும் தேசிய அளவில் கொடுக்கிற விருதுக்கு, கடைசிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம்.

என் பெயரை அனுப்பியவர் ஒரு பேராசிரியர். சாத்தான்குளத்துக்காரர், கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். நல்ல மனுஷர். அவரே அந்தப் படிவத்தை எனக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் நான்கு உறுதிமொழிகள். முதல் மூன்றும் வயது, விலாசம், கொடுத்த தகவல் உண்மை என்கிற வழக்கமான சமாசாரங்கள். நான்காவது: 'மேற்படிப் போராட்டத்தின் எந்தக் கட்டத்திலும் நான் எவர் மீதும் கை ஓங்கவில்லை.' அதற்குக் கீழே தனியாக ஒரு கையெழுத்து. இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

"திஸ் இஸ் ஜஸ்ட் எ ஃபார்மாலிட்டி. இங்கன ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்று பேனாவை நீட்டினார்.

கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டேன் என்றேன். கண்ணாடி என் கைப்பைக்குள்தான் இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை அது. நாட்டுப்படகுக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் கடலில் சண்டை. லாஞ்சு என்று நாங்கள் சொல்வது பெரிய விசைப்படகை. அது கரையோரமாக வந்து மடியை, அதாவது இழுவலையை, இழுத்துக்கொண்டு போனால், நாட்டுப்படகுக்காரன் விரித்து வைத்திருக்கிற வலை கிழிந்து நாசமாகும். இவர்கள் பதிலுக்கு லாஞ்சை மறிப்பார்கள், கல்லெறிவார்கள், லாஞ்சின் மடியை அறுப்பார்கள். இரண்டு தரப்பும் மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்குத்தான் வர வேண்டும். கிழிந்தவனுக்கும் நூல் வேண்டும், அறுபட்டவனுக்கும் நூல் வேண்டும். சண்டை முற்ற முற்ற எங்களுக்கு வியாபாரம். வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், ஆனால் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் ஒருவர் கிழிந்த வலைத் துண்டைக் கொண்டுவந்து, இதே கனத்தில் நூல் வேண்டும் என்று மேஜைமேல் போட்டார். நான் நூலை ஒப்பிட்டுப் பார்க்கக் குனிந்தேன். வலையில் காய்ந்த ரத்தம். மீன் ரத்தம் இல்லை; மீன் ரத்தத்தின் வாடை எனக்குத் தெரியும். யாருடையது என்று கேட்டேன். தம்பியுடையது என்றார், ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார், சொல்லிவிட்டு "அதே கலர் இருக்கா?" என்றும் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருகிற வரைக்கும் இரண்டு தரப்புக்கும் ஒரு முழம் நூல்கூட விற்க மாட்டேன் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.

முதல் இரண்டு நாள் தெருவே என்னைப் பைத்தியக்காரி என்றது. மூன்றாம் நாள் எதிர்க்கடை மூடியது. ஒரு வாரத்தில் தெருவே மூடியது. வேறு ஊருக்குப் போய் வாங்கியிருக்கலாம், சிலர் வாங்கவும் செய்தார்கள். ஆனால் தெரு மொத்தமாகப் பூட்டிக் கிடந்தது அவர்களை உறுத்தியது. சாயங்காலமானால் பூட்டிய கடைகளின் படிகளில் ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் இவர்கள். நடுவில் நான், டீத் தூக்கோடு. நான் ஒரு விதி வைத்தேன்: யார் பக்கத்தில் முதல் கை ஓங்குகிறதோ, அன்றைக்கே எதிர்ப்பக்கத்துக்குக் கடை திறந்துவிடும், கை ஓங்கியவனுக்கு நூல் கிடையாது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. கடைக்காரி கை ஓங்கினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, மத்தியானம். எலி நூலைக் கடித்திருக்கிறதா என்று பார்க்க ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே இருந்தேன். ஒருவன் குனிந்து உள்ளே வந்தான். நாட்டுப்படகுக்காரன், ஆழத்தில் மூழ்கிச் சங்கும் குளிப்பான், அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் சாயங்காலம் படியில் ஓரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவன். "யக்கா, ரெண்டு உருண்டை நூல் மட்டும் தாங்க. யாருக்கும் தெரியாது. வீட்டுல அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு" என்றான்.

முடியாது என்றேன். இரண்டாம் தடவை கேட்டான். முடியாது என்றேன். அப்போது அவன் சத்தம் போடாமல் ஒன்று சொன்னான்.

"நாங்க வெட்டிக்கிட்டுக் கெடந்தா ஒங்களுக்கு லாபம். நாங்க கூடிப் பேசுனா ஒங்களுக்குப் பேரு. ரெண்டுலயும் வயிறு காயிறது எங்களுக்குத்தானக்கா."

ஓங்கி ஒரு அறை விட்டேன். இடது கன்னமும் காதும் சேர்ந்து. யோசித்து அடிக்கவில்லை, கோபம் என்றால் எனக்குக் கைதான் முந்தும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் வாயால் பதில் சொல்லியிருப்பேன்.

அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெளியே டீக்கடையில் அவன் ஆட்கள் ஐந்தாறு பேர் நிற்கிற சத்தம் கேட்டது. இவன் ஒரு குரல் கொடுத்தால் போதும். கடை போகும், அது போனால்கூடப் பரவாயில்லை. படியில் உட்கார்ந்து பேசிய பேச்சு அத்தனையும் போகும். என் விதி, என் கையாலேயே.

"சரிக்கா. நாளைக்கு வாரேன்" என்றான். குனிந்து வெளியே போனான். ஷட்டருக்குக் கீழே அவன் கால்கள் டீக்கடைப் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என்ன என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, எலி பிடிக்காங்க" என்றான்.

சொன்ன மாதிரியே மறுநாள் வந்தான். அதே ஓரத்தில் உட்கார்ந்தான். இருபத்திரண்டாம் நாள் ஒப்பந்தம் ஆயிற்று. லாஞ்சு எவ்வளவு தூரத்துக்கு உள்ளே வரலாம், நாட்டுப்படகு வலைக்கு என்ன கொடி கட்ட வேண்டும் என்று எல்லாம் பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து பெரிய சண்டை இல்லை. எனக்குப் பெயர் வந்தது. அவன் சொன்னபடியே.

அதன் பிறகு அவன் எங்கள் கடைக்கு வராமல் இல்லை. மாதம் ஒரு தடவையாவது வருவான். அந்த அறையைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. சில்லறைக் கயிற்றை நாங்கள் பாகத்தில்தான் அளப்போம், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவனுக்கு மட்டும் எப்போதும் அரைப் பாகம் கூடுதலாக விட்டு அறுப்பேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதவளுக்கு அதுதான் முடிந்தது. அவன் சுருட்டிக்கொண்டு போவான்.

இப்போது சொல்லுங்கள், அந்த நான்காவது வரியில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

ஆனால் ஆசையாகவும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். டெல்லிக்கு எந்தச் சேலை கட்டலாம் என்றுகூடப் பார்த்துவிட்டேன். படிவத்தைக் கல்லாவில் வைத்தேன், பிறகு நூல் அலமாரியில், பிறகு வீட்டில் அரிசி டிரம்மின் மேல். எங்கே வைத்தாலும் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருந்தது. வியாபார நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பினேன். வழியில் யாராவது கும்பிட்டால் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், அதிர்ந்து பேச மாட்டார். அவர் பங்குக்கு, "ஒனக்கு அகிம்சை அவார்டா? கையை வச்சிக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருப்பியா நீ?" என்று கேலி செய்தார். அவருக்கும் நான் அறைந்தது தெரியாது. நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அவருக்கு என்ன ஏது என்று புரியவில்லை.

இதற்குள் எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர், அவரை எல்லாரும் தலைவர் அண்ணாச்சி என்போம், பேராசிரியர் மூலமாக விஷயம் தெரிந்து ஃபிளெக்ஸுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். "நம்ம தெருவுக்கே கெடச்ச மாதிரி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கடைசிப் பட்டியல்தான் அண்ணாச்சி, இன்னும் கிடைக்கவில்லை என்றேன். "அதெல்லாம் கெடச்ச மாதிரிதான்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். படிவத்தில் நான்காவது வரியை அடித்துவிட்டு, ஒருவனை அறைந்தேன் என்று எழுதிவிடலாம். கொடுத்தால் கொடுக்கட்டும், போனால் போகட்டும். அப்படி நினைத்ததும் மனசு லேசானது. எழுதுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிகிற நேரம் பார்த்து அவன் ஊருக்குப் போனேன்.

வலைக் கூடத்து நிழலில் தனியாக உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்ற பிறகு வலது பக்கமாகத் திரும்பி, "யக்கா, நீங்களா? என்ன இங்கன?" என்று எழுந்தான். இடது காது கேட்பதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். கடையில் எப்போதும் மேஜைக்கு வலது பக்கமாகவே நிற்பான். பதினோரு வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று யோசித்ததில்லை.

எதற்கு வந்தேனோ அது மறந்துபோய், "காது எப்பத்திலேருந்து?" என்று கேட்டேன்.

"சங்கு குளிக்கிறவனுக்குக் காது போறது புதுசா? எங்கப்பாவுக்கு ரெண்டுமே போச்சு" என்றான். "ஒங்க கைக்கு அம்புட்டு வலு இல்லக்கா."

சிரித்துக்கொண்டே சொன்னான். நிஜமாகவே சங்கினால்தானா, எனக்காகச் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பதினோரு வருடத்தில் அந்த அறை அன்றுதான் முதல்முறையாக எங்கள் நடுவில் வந்தது.

படிவத்தைக் காட்டினேன். நான்காவது வரியை வாசித்தேன். உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எழுதாதிங்க" என்றான்.

"ஒன் பேரு போட மாட்டேன்ப்பா."

"பேரு போடாட்டா, யாருன்னு துறைமுகமே தேடும். அன்னைக்கு நான் உள்ள போனதப் பாத்தவன் அஞ்சு பேரு உயிரோட இருக்கான்." ஊசியை வலையில் குத்தி நிறுத்தினான். "பொம்பள கையால அடி வாங்கிட்டு, எலி பிடிக்காங்கன்னு சொல்லிட்டு டீ குடிச்சவன்னு என்னயச் சொல்லுவானுவ. எம் மவன் இப்ப லாஞ்சுல போறான். அங்கன எவனாவது அப்பனச் சொல்லிச் சிரிச்சா, அவன் கையக் கட்டிட்டு நிப்பானா? நான் அன்னைக்கு அடக்குனதெல்லாம் வீணாப் போயிரும்க்கா. ஒங்களுக்கு மனசு லேசாவணும்னு எம் மானத்த எடுக்காதிங்க."

எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் அவன் சொன்னது உண்மை. நேர்மை என்று நினைத்துக்கொண்டு அவனுக்கு இரண்டாவது அறை கொடுக்கத்தான் போயிருக்கிறேன்.

"வாங்கிக்கிடுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றான்.

"யாரையும் அடிக்கலன்னு கையெழுத்துப் போடச் சொல்லுதாங்களே."

"அடிச்சியளே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வலையை எடுத்து மறுபடி பொத்த ஆரம்பித்தான்.

இத்தனையையும் இப்போது எப்படி எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஈஸ்டருக்கு அவனே தன் மகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். மகன் அரைநாள் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அப்பா பக்கத்தில் வந்து சாப்பிட உட்கார்ந்தானாம். "இனி எழுதிக்கிடுங்கக்கா. பேரு மட்டும் வேண்டாம்" என்றான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நிலைமை வேறு. கையெழுத்துப் போட்டால் பொய். சொன்னால் அவன் மானம். இரண்டும் இல்லாத ஒரே வழி, காரணம் சொல்லாமல் வேண்டாம் என்பது.

மறுநாளே எழுதிவிட்டேன். 'என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.' ஒரே வரி. தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போது நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். "ஆறு மாசம் உட்கார்ந்து எழுதினேன்மா. ஒரு ரீசன் சொல்லக் கூடாதா?" என்றார். சொல்ல முடியாது சார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அதிலிருந்து வழியில் பார்த்தால் சிரிப்பார், நின்று பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமாவது அழுதிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் அவன் கடைக்கு வந்தான். பத்துப் பாகம் கயிறு கேட்டான். நான் அளந்துகொண்டிருக்கும்போது தலைவர் அண்ணாச்சி படியேறினார். கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். நாட்டுப்படகுக்காரர்களும் இருந்தார்கள், லாஞ்சுக்காரர்களும் இருந்தார்கள்.

"வேண்டாம்னு எழுதிட்டியாமே" என்று ஆரம்பித்தார். "யாரக் கேட்டு எழுதுன? இருபத்திரண்டு நாளு நீ மட்டுமா கடையப் பூட்டுன? தெருவே பூட்டலியா? ஒனக்கு வந்தா அது ஒனக்கு மட்டுமா? எங்க பங்கையும் சேத்து வேண்டாம்னு சொல்ல நீ யாரு? ஒரு பொம்பளைக்கு இம்புட்டுத் திமிரு ஆவாது. ஒங்கப்பா இருந்தா வெக்கப்பட்டிருப்பாரு."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கை பரபரவென்று வந்தது, உள்ளங்கையில் அந்தப் பழைய அரிப்பு. அப்பாவைச் சொன்னதுகூடப் பெரிதில்லை. தெருவின் பங்கையும் சேர்த்து வேண்டாம் என்றேன் என்பது உண்மை. அதுதான் சுட்டது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஏன் வேண்டாம் என்றேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அண்ணாச்சி வாயடைத்துப் போவார், தெரு என்னைத் தியாகி என்று தூக்கி வைக்கும். அந்த வாக்கியத்துக்கு உரியவன் மேஜைக்கு அந்தப் பக்கம் கயிற்றின் முனையைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான்.

"சரி அண்ணாச்சி" என்றேன். "நாளைக்கு வாரேன், பேசுவோம்."

என் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அண்ணாச்சி கேட்டதே இல்லை. படியிறங்கிப் போனார். மற்றவர்கள் தங்கள் தங்கள் சாமானைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அழக் கூடாது என்று கயிற்றைப் பார்த்தேன். அன்று அவன் நின்ற நிற்பு இதுதான். எத்தனை கஷ்டம் என்று அடி கொடுத்தவளுக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை.

"எத்தனை ஆச்சு?" என்று கேட்டேன். எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.

"ஏழு" என்றான். "எண்ணிக்க விட்டுப்போச்சு ஒங்களுக்கு. கொண்டாங்க." கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, தன் கைகளை விரித்து, எட்டு, ஒன்பது, பத்து என்று அளந்தான். பத்தில் விரலை வைத்து என் பக்கம் நீட்டினான். நான் வழக்கம்போல இன்னும் கொஞ்சம் தள்ளிக் கத்தியைக் கொண்டுபோனேன்.

அவன் விரலை எடுக்கவில்லை.

"அரைப் பாகம் கூட வேண்டாம்க்கா. இனிமே சரியா அறுங்க" என்றான்.

அவன் விரலை ஒட்டிக் கத்தியை வைத்து அறுத்தேன்.